கண்ணாடி வகுப்பு

பல்கலைக்கழகத்தில் என்ன படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் "கல்வியியல்" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வேன். "நாட்டியக் கல்வி" என்று முழுதாகச் சொன்னால் கேட்டவரின் கண் தானாக என் இடுப்புக்கு இறங்கும். அந்த இடுப்பைப் பார்த்த பிறகு அடுத்த கேள்வியைக் கேட்கலாமா கூடாதா என்று அவர் தவிப்பார். பாவம், அவரை ஏன் தவிக்கவிட வேண்டும்? ஆனால் நான் படித்தது அதுதான். ஆடுவதற்கான படிப்பு இல்லை, ஆடச் சொல்லிக்கொடுப்பதற்கான படிப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் எங்களில் பாதிப் பேர் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

பட்டம் வாங்கிய கையோடு ஆளுக்கொரு பக்கம் போனோம். ஒருத்தி உடற்பயிற்சிக் கூடத்தில் பாட்டை அலறவிட்டு, அதைவிடப் பெரிதாக அலறிக்கொண்டு, குண்டானவர்களைக் குதிக்க வைக்கிறாள். ஒருத்தி வீடு விற்கிறாள். அவள் சமையலறைக் கதவைத் திறந்துவிடும் தோரணைக்கே பாதி வீடுகள் விற்றுவிடுமாம். வகுப்பில் இருந்த ஒரே ஆண்பிள்ளையைத் தூண் என்று கூப்பிடுவோம். அவன் ஒரு நாடக அரங்கில் விளக்குப் போடுகிறான். "ஆடினப்ப எவனும் என்னப் பாக்கல, இப்ப நான் காட்டினாத்தான் அவனுங்க யாரையுமே பாக்க முடியும்" என்பான். பட்டத்தில் எழுதியிருந்தபடியே ஒரு பள்ளிக்கூடத்தில் நாட்டிய ஆசிரியையாகப் போய், அங்கேயே நிலைத்தவள் பம்பரம் ஒருத்திதான்.

பம்பரம் என்று ஏன் பெயர் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. அவள் சுற்றினால் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். எனக்கு அவள் வைத்த பெயர் உம்மு. உம்மணாமூஞ்சி என்பதன் சுருக்கம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்களே, அந்த ரகம் நான். ஆட வராது. ஆனால் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் முதலில் கண்டுபிடிப்பவள் நான்தான். யார் தோள் இறங்குகிறது, யார் குதிகால் பிந்துகிறது என்பதெல்லாம் என் கண்ணில் உடனே பட்டுவிடும். பட்டதைச் சொல்லியும்விடுவேன். அதனால் எனக்குத் தோழிகள் குறைவு. பம்பரம் மட்டும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி என்னைத் தேடி வந்து, "எங்க தப்பு, சொல்லித் தொல" என்று நிற்பாள்.

அந்தக் கண்தான் எனக்குச் சோறு போடுகிறது. இரண்டு பள்ளிகளில் முகத்தில் அடித்தாற்போல் பேசி வேலையை விட்ட பிறகு, மருத்துவமனையின் செயற்கைக் கால் பிரிவில் நடைப் பயிற்சிக்கு ஆள் தேடினார்கள். "நடக்கக் கத்துக் கொடுக்கத் தெரியுமா?" என்று மருத்துவர் கேட்டார். "ஆடவே கத்துக் கொடுப்பேன், நடக்கறது அதுல பாதிதானே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

எங்கள் பிரிவு மருத்துவமனையின் பின்பக்கம், துணி வெளுக்கும் இடத்தை ஒட்டி இருக்கிறது. முன்னறையில் நீளமான இரண்டு கைப்பிடிக் கம்பிகள், அவற்றின் முடிவில் சுவரோடு பதித்த பெரிய கண்ணாடி. பின்னறையில் அண்ணனின் ராஜ்ஜியம். கால் செய்பவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மாவுக்கட்டில் அச்செடுத்த முழங்கால்கள் அவருடைய அலமாரியில் வரிசையாக நிற்கும். காலை எட்டு மணிக்கே அரத்தால் ராவும் சத்தம் கேட்கும். வெள்ளைத் தூசி அவர் புருவத்தில் படிந்து அவரை எந்நேரமும் ஆச்சரியப்பட்டவர் போலக் காட்டும்.

அங்கேதான் பம்பரம் வந்து சேர்ந்தாள். பின்னோக்கி எடுத்த லாரி அவள் ஸ்கூட்டரை மதிலோடு நெருக்கியிருக்கிறது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

சக்கர நாற்காலியில் வைத்து அவளை அவளுடைய அம்மா தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் பேச்சை அவள்தான் ஆரம்பித்தாள்.

"என்னடி உம்மு, இன்னைக்கு எங்க தப்புன்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல போல. நல்லாத் தெரியுது."

நான் அழுதுவிட்டேன். அவளுடைய அம்மா அழவில்லை. அவர் அழுது முடித்த பிறகு வந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

காயம் ஆறி, அண்ணன் அச்செடுத்து, கால் தயாராகி, அவள் கம்பிக்குள் எழுந்து நின்ற அன்றைக்கு அவளுடைய தலைமையாசிரியை பார்க்க வந்தார். நல்ல மனுஷிதான். கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. பழம் வாங்கி வந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு சுற்றி வளைத்துப் பேசினார்.

"நீங்க ஒண்ணும் கவலப்பட வேணாம் டீச்சர். உங்க வேலை எங்கயும் போகாது. நூலகத்துல ஆள் இல்லாமதான் கெடக்கு. உக்காந்த எடத்துல பாத்துக்கலாம்."

"நூலகம் வேணாம் மேடம். எனக்கு என் வகுப்புதான் வேணும்."

"ஆசை இருக்கலாம் டீச்சர். சின்னப் பிள்ளைங்க. நீங்க செஞ்சு காட்டணும், அதப் பாத்து அவங்க செய்யணும். வேற பாடம்னா நானே பேசாம விட்டிருப்பேன்."

"செஞ்சு காட்டறேன். லீவு முடிஞ்சு முதல் வகுப்புக்கு நீங்களே வந்து உக்காருங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சரியில்லன்னா நானே போய்ப் புத்தகம் அடுக்கறேன்."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எந்தத் தைரியத்தில் ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் போன பிறகு அண்ணன் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒத்தக் கால்ல நின்னு சாதிச்சுட்டியேம்மா" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பம்பரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவள் அம்மாவும் சிரித்துவிட்டார்.

ஆனால் அவள் போட்ட நிபந்தனை ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குக் கால் விஷயம் தெரியவே கூடாது. விடுமுறைக்கு முன் மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். "தெரிஞ்சா அப்புறம் காலைத்தான் பாப்பாங்க உம்மு. ஆட்டத்த யாரு பாப்பா?" என்றாள். தளர்ந்த பேன்ட், நீளமான மேல்சட்டை, பொய்ப் பாதத்துக்கு ஒரு காலுறை என்று எல்லாம் முடிவாயிற்று.

உழைத்தாள். நான் பார்த்த எவரும் அப்படி உழைத்ததில்லை. மிச்சக் காலை நுழைக்கும் சாக்கெட்டுக்குள் தோல் சிவந்து தடித்துப் போகும். அண்ணன் "இன்னைக்குப் போதும்மா, தோல் உரிஞ்சா ரெண்டு வாரம் போயிடும்" என்று காலைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். கம்பி இல்லாமல் நடந்தாள். படி ஏறினாள். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். அன்றைக்குத் துணி வெளுக்கிறவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. வலது காலை முன்னால் எடுக்கும்போது முழங்காலை மடக்க அவளுக்குப் பயம். மடக்காமல், இடுப்பை ஒரு துளி மேலே தூக்கிக் காலைக் கொண்டு வந்துவிடுவாள். புதுக் கால்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். பெரும்பாலும் நானே அதட்டி மாற்றிவிடுவேன். அவளுக்கு மாறவில்லை. கொஞ்சம் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை.

"தெரியுதா?" என்று கேட்பாள். அறைக் கோடிவரை நடந்துவிட்டுத் திரும்பி, மூச்சு வாங்க, கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்பாள்.

"தெரியல" என்பேன்.

பொய். எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் தெரிந்தது. வாழ்நாளில் எவர் தப்பையும் சொல்லாமல் விழுங்கியவள் இல்லை நான். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்ல வரவில்லை. கொஞ்சம்தானே, கூடத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவில்லை, ஒரு கீற்றைத்தான் மறைக்கிறேன் என்று சமாதானம் வேறு.

எங்கள் துறையில் கண்ணாடி வகுப்பு என்று ஒன்று உண்டு. சொல்லிக்கொடுப்பவர் பிள்ளைகளுக்கு முகம் காட்டி நிற்க வேண்டும். வாயால் "இடது" என்று சொல்லிக்கொண்டு தன் வலது காலை எடுக்க வேண்டும். அப்போதுதான் எதிரே நிற்கும் பிள்ளை கண்ணாடி பார்ப்பதுபோல் தன் இடது காலைச் சரியாக எடுக்கும். வாய் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இது பழக எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. தூண் கடைசிவரை பழகவில்லை. அவன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். பம்பரத்துக்கு அது மூச்சு விடுவதுபோல் வந்தது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் அந்தக் கண்ணாடி வகுப்பை என் முன்னறையிலேயே ஒத்திகை பார்த்தோம். அவள் ஆசிரியை. நான் பிள்ளை. "இடது" என்று அவள் வலது காலை எடுத்தாள், நான் இடது காலை எடுத்தேன். முன்னால், பக்கவாட்டில், தட்டு, திரும்பு. நாள் தவறாமல் செய்தோம். என் கால் அவள் சொன்ன அடியைச் சுத்தமாக வைத்தது. அதைப் பார்த்து அவளுக்கும் நம்பிக்கை வந்தது. "பாத்தியா, பிள்ளைக்குச் சரியாப் போய்ச் சேருது" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பள்ளிக்கூடத்தின் கூடம் பெரியது. ஓரமாக நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். பாய்கள் சுருட்டிக் கிடந்தன. பிள்ளைகள் செருப்பை வாசலில் குவித்துவிட்டு ஓடி வந்தார்கள். மிஸ், மிஸ் என்று அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஒன்று வந்து பேன்ட்டைப் பிடித்து இழுத்தது. நான் ஓரடி முன்னால் போனேன். அவள் அதன் கையை எடுத்துவிட்டு, கன்னத்தைக் கிள்ளி, வரிசைக்கு அனுப்பினாள்.

தலைமையாசிரியை பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் நான். எங்களுக்குப் பிள்ளைகளின் முதுகுகள் தெரிந்தன; அவற்றுக்கு அப்பால் பம்பரத்தின் முகம்.

முதலில் கைகள். மாதக்கணக்காக அவள் வராமல் இருந்தது போலவே தெரியவில்லை. அத்தனை பிஞ்சுக் கைகளும் அவள் கையோடு ஏறி அவள் கையோடு இறங்கின. தலைமையாசிரியையின் முகம் இளகுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். பிறகு பம்பரம் கைதட்டித் தாளம் எடுத்தாள். "இப்ப கால். என்னப் பாருங்க. இடது முன்னால."

வலது காலை எடுத்து வைத்தாள்.

பிள்ளைகள் இடது காலை எடுத்தார்கள். எல்லாரும், ஒருவர் விடாமல், முழங்காலை மடக்காமல், இடது இடுப்பை ஒரு துளி மேலே தூக்கி, காலை இழுத்துக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். வரிசை வரிசையாக இடுப்புகள் ஒரே சமயத்தில் ஏறி இறங்கின.

ஒத்திகையில் எனக்கு வராத இடுப்பு இவர்களுக்கு எப்படி வந்தது என்று அந்த நொடியே புரிந்தது. நான் அவள் காலைப் பார்த்து ஆடவில்லை. எனக்குத் தெரிந்த அடியை ஆடியிருக்கிறேன். படித்தவள் கால் தப்பைத் தானாகத் திருத்திக்கொள்ளும். இந்தப் பிள்ளைகளுக்குத் திருத்தத் தெரியாது. மிஸ் எப்படிச் செய்கிறாரோ அப்படி. அப்படியே செய்ய வேண்டும் என்று அவர்களைப் பழக்கியதும் அவள்தான். பிள்ளை பார்த்ததை எல்லாம் எடுத்துக்கொள்ளும், வேண்டியது வேண்டாதது பிரிக்காது என்பது எங்களுக்கு முதல் வருடத்து முதல் பாடம். பட்டம் வாங்கிய இரண்டு பேரும் அதைக் கோட்டை விட்டிருந்தோம்.

பம்பரத்துக்கு முதலில் விளங்கவில்லை. "இல்ல, இல்ல. நேரா எடுங்க. என்னப் பாருங்க" என்று மறுபடி எடுத்துக் காட்டினாள். அவர்கள் இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார்கள். இன்னும் நன்றாக நொண்டினார்கள்.

தாளம் நின்றது.

"யாரு இப்படி எடுக்கச் சொன்னது?" என்றாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் குழந்தை, "நீங்கதான் மிஸ். நீங்க இப்படித்தான் எடுத்தீங்க" என்றது. திரும்பவும் ஒரு தடவை செய்து காட்டியது.

பம்பரம் அதைப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளின் தலைகளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். தெரியல என்று நான் சொன்ன அத்தனை தடவையும் அந்தப் பார்வையில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். தலைமையாசிரியை எழுந்திருக்கப் போகிறார் என்பது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது.

"உக்காருங்க மேடம், வகுப்பு முடியல" என்றாள் பம்பரம்.

அவள் குனிந்து பேன்ட்டின் வலது பக்கத்தை முழங்கால்வரை சுருட்டினாள். காலுறையையும் கழற்றினாள். அண்ணன் வழவழவென்று ராவிக் கொடுத்த சாக்கெட், அதன் கீழே குழாய், அதன் கீழே ஐந்து விரலும் ஒட்டிப்போன ரப்பர் பாதம்.

"நீங்க பண்ணது தப்பு இல்ல. நான் செஞ்சத அப்படியே செஞ்சீங்க. ஆனா அது அடி இல்ல கண்ணுங்களா. அது என் கால்."

பிறகு பின்னல்காரி கேட்டது, "வலிக்குமா மிஸ்?"

"வலிக்கும்."

"இப்பவுமா?"

"இப்பவும்." அவள் அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வேணுங்கறவங்க வந்து தொட்டுப் பாத்துட்டுப் போங்க. அப்புறம் அவங்கவங்க எடத்துல நிக்கணும். காலப் பாக்கக் கூடாது. நான் சொல்றதக் கேட்டுச் செய்யணும்."

தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பையன் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். ஒன்று அழ ஆரம்பித்து, மடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு நடந்த வகுப்பு, சொல்லக் கூடாது, படு மோசம். "முழங்காலை மடக்கி, அப்புறம் நீட்டி" என்று அவள் வாயால் சொல்ல, ஆளுக்கொன்று செய்தார்கள். பார்த்துச் செய்தே பழகியவர்களுக்குக் கேட்டுச் செய்யத் தெரியவில்லை. அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. வார்த்தை கிடைக்காமல் திணறினாள். வேறு மாதிரிச் சொன்னாள். இன்னும் வேறு மாதிரிச் சொன்னாள். மணி அடிக்கும்போது பாதிப் பேர் காலைச் சரியாக எடுத்தார்கள், மீதிப் பேர் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளைகள் போன பிறகு தலைமையாசிரியை அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"டீச்சர், உங்களுக்கே தெரியும். இத வகுப்புன்னு நான் எப்படி எழுதறது?"

"இத்தன வருஷமா நான் ஆடினேன் மேடம், அவங்க பாத்துக் காப்பியடிச்சாங்க. அதத்தான் நல்ல வகுப்புன்னு நீங்களும் சொன்னீங்க, நானும் நெனச்சேன்." அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "சொல்லிக் கொடுக்கத்தான் படிச்சேன். இன்னைக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன். நல்லா வரல. எனக்கே தெரியுது. ஆனா வரும்."

தலைமையாசிரியை சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பருவம் முடியட்டும். நான் வந்து உக்காருவேன், ஒவ்வொரு வாரமும் உக்காருவேன். அப்புறம் பேசுவோம்." வாசல்வரை போனவர் திரும்பி, "பேன்ட்ட இறக்கிவிட்டுக்கோங்க டீச்சர், குளிருது" என்றார். அன்றைக்கு அப்படி ஒன்றும் குளிரவில்லை.

நாங்கள் வெளியே வந்தோம். பள்ளி முற்றம் காலியாக இருந்தது. அவள் பேன்ட்டை இறக்கிவிடவில்லை.

"பொய் சொன்ன."

"ஆமா."

"ஊர்ல எல்லாரும் எனக்கு நல்ல வார்த்த சொல்றாங்கடி. டாக்டர் சொல்றாரு, அண்ணன் சொல்றாரு, அம்மா சொல்றாங்க. நல்ல வார்த்தைக்கு எனக்குப் பஞ்சமா? உங்கிட்ட நான் எதுக்கு வந்தேன்?"

நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளிடமிருந்த ஒரே நேர்மையான கண்ணையும் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பரிதாபப்பட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய அவமானத்தை அவளுக்கு வேறு யாரும் செய்ததில்லை.

"கேட் வரைக்கும் நடக்கறேன். பின்னாடி வா. ஒவ்வொரு அடியும் பாத்துச் சொல்லு."

நடந்தாள். இடுப்பு ஏறியது.

"ஏறுது" என்றேன். முணுமுணுப்பாகத்தான் வந்தது.

"கேக்கல."

"ஏறுது."

இன்னொரு அடி. ஏறுது. இன்னொன்று. ஏறுது. எனக்குக் கண்ணீர் வழிந்து எதிரே எல்லாம் கலங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தேன், பார்க்காமல் சொல்லக் கூடாது. காவல்காரர் கூண்டிலிருந்து எழுந்து நின்று எங்களை வேடிக்கை பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கைகளை விரித்து, முழங்காலை மடக்கத் துணிந்து காலை எடுத்தாள். ஒரு நொடி ஆடிப்போனாள். விழவில்லை.

"ஏறல" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். திரும்பவில்லை. "நெசமா?"

"நெசம்."

"எனக்காகச் சொல்லலயே?"

"இல்ல."

முதுகு குலுங்குவது தெரிந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த அடியை எடுத்து வைத்தாள். இடுப்பு ஏறியது.

"ஏறுது" என்று சத்தமாகச் சொன்னேன்.